முதல் வீடு வாங்கும்போது எதிர்பாராமல் வரும் தொல்லைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைப் புறநகரில் ஒரு பழைய ஃப்ளாட் வாங்கி நாங்கள் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. அதிலிருந்து அலுவலகத்திலும் சொந்தத்திலும் யார் வீடு தேட ஆரம்பித்தாலும் எனக்கு ஒரு போன் வந்துவிடும். ஆள் மாறினாலும் கேள்விகள் அநேகமாக அதேதான். ஏரியா எது, மாடி எத்தனை என்பதிலெல்லாம் எல்லோரும் தெளிவாகவே இருக்கிறார்கள். வீடு பிடித்துப்போன பிறகு வரும் பேப்பர், பணம், காத்திருப்பு ஆகியவற்றில்தான் தடுமாறுகிறார்கள்.

அப்படிக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறை. இவற்றில் பாதிக்கு மேல் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டியவை. கொடுத்த பிறகு கேட்டால் அதே கேள்விக்கு மதிப்புக் குறைந்துவிடுகிறது.

கையில் 10 லட்சம் இருக்கு. 50 லட்சத்துக்கு வீடு வாங்கலாம்தானே? மீதி 40 லோன் போட்டுக்கலாம்.

போதாது. இந்தக் கணக்கில்தான் முதல் அதிர்ச்சி வருகிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் 90% வரை தரலாம், 30 முதல் 75 லட்சம் வரை 80%, அதற்கு மேல் 75%. ஆக 50 லட்சம் வீட்டுக்கு அதிகபட்சம் 40 லட்சம் கிடைக்கும். உங்கள் 10 லட்சம் அங்கேயே தீர்ந்துவிடும். பதிவுச் செலவு அதற்கு மேல் தனி. வீட்டின் விலை 10 லட்சத்தைத் தாண்டினால் முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் வீட்டு மதிப்போடு சேர்த்து வங்கி கடன் கணக்குப் போட முடியாது.

பழைய வீடு என்றால் 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை இரண்டில் எது அதிகமோ அதன்மேல் இந்த 9%. நம் கணக்கில் அது 4.5 லட்சம். அப்புறம் புரோக்கர் கமிஷன், வக்கீல், பத்திரம் எழுதுபவர், வங்கியின் பிராசஸிங் கட்டணம், வீடு மாற்றும் செலவு எல்லாம் இருக்கின்றன. கையில் 16 லட்சமாவது இல்லாமல் 50 லட்சம் வீட்டைப் பார்க்கப் போக வேண்டாம் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். கடைசி ஒரு லட்சத்துக்காக நகையை அடகு வைக்க ஓடியவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

புது ஃப்ளாட்டுக்குப் பதிவுச் செலவு கம்மின்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான். 2023 டிசம்பர் முதல் பில்டரிடமிருந்து முதல்முறை வாங்கும் ஃப்ளாட்டுக்கு நிலப் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே மதிப்பில் பதிகிறார்கள். 50 லட்சம் வரை தீர்வை 4%, 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை 5%, அதற்கு மேல் 7%. பதிவுக் கட்டணம் எல்லாவற்றுக்கும் 2%.

ஆனால் கட்டிக்கொண்டிருக்கும் ஃப்ளாட்டுக்கு ஜிஎஸ்டி உண்டு. பொதுவாக 5%. விலை 45 லட்சத்துக்குள்ளும், கார்ப்பெட் ஏரியா, அதாவது உள்ளே புழங்கும் இடம், சென்னை போன்ற பெருநகரில் 60 சதுர மீட்டருக்குள்ளும் இருந்தால் 1%. கட்டி முடித்து நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கும் ஃப்ளாட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. பழைய வீட்டுக்கும் கிடையாது. பதிவில் மிச்சம் பிடித்ததை ஜிஎஸ்டியில் விட்டுவிடுகிறோமா என்று இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

மனைவி பேர்ல பதிஞ்சா சலுகை இருக்காமே?

2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதியும் 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1% குறைவு. நகரத்தில் ஃப்ளாட் வாங்குபவர்களுக்கு இந்த வரம்பு எட்டாது. கிராமத்திலோ சின்ன ஊரிலோ மனை வாங்கினால் உதவும்.

பேங்க்ல ப்ரீ அப்ரூவல் லெட்டர் கொடுத்துட்டாங்க. லோன் கிடைச்ச மாதிரிதானே?

அந்தக் கடிதம் உங்களைப் பற்றியது. உங்கள் சம்பளத்துக்கும் பழைய கடன்களுக்கும் இவ்வளவு தரலாம் என்று மட்டும் சொல்கிறது. வீடு தேறுமா என்பதை அதன்பிறகுதான் பார்ப்பார்கள். வங்கியின் வக்கீல் பத்திரங்களைப் படிப்பார், இன்ஜினியர் வந்து அளந்து மதிப்புப் போடுவார். இருவரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் கடன் நின்றுவிடும்.

இன்ஜினியரிடம் மாட்டுவது பெரும்பாலும் விதிமீறல்தான். அனுமதி வாங்கிய வரைபடத்தில் இரண்டு மாடி இருக்கும், நேரில் மூன்று மாடி நிற்கும். மூன்றாவது மாடியில் இருக்கும் ஃப்ளாட்டைத்தான் நாம் பார்த்து ஆசைப்பட்டிருப்போம். அவர் போடும் மதிப்பு பேசிய விலைக்குக் கீழே போவதும் நடக்கும். 50-க்குப் பேசிய வீட்டுக்கு அவர் 45 என்று எழுதினால் 80% அந்த 45-க்குத்தான், அதாவது 36 லட்சம். இடையில் விழும் 4 லட்சத்தை நீங்கள்தான் புரட்ட வேண்டும். அதனால் முதல் கேள்வியில் சொன்ன 16 லட்சத்துக்கு மேலும் கொஞ்சம் கையில் இருந்தால் நல்லது.

அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம்? லோன் வரலைன்னா திருப்பித் தருவாங்களா?

பில்டரிடம் வாங்குவதாக இருந்தால் சட்டமே பதில் சொல்கிறது. ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் போடாமல் விலையில் 10%-க்கு மேல் அவர் வாங்கக் கூடாது. பழைய வீட்டில் தனியாரிடம் வாங்கும்போது இந்தப் பாதுகாப்பு இல்லை, பேசி எழுதுவதுதான். டோக்கன் என்று சின்னத் தொகை கொடுங்கள். பத்திர நகல்களை வாங்கி வக்கீலிடம் காட்டுங்கள். அவர் சரி என்ற பிறகு ஒப்பந்தம் போட்டு மீதி அட்வான்ஸைக் கொடுங்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: சொத்தின் பத்திரங்களில் உள்ள குறையால் வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் முழுவதும் இத்தனை நாளுக்குள் திருப்பித் தரப்படும். பலர் தரும் அச்சடித்த ஒப்பந்தத்தில் இது இருக்காது. வாங்குபவர் பின்வாங்கினால் அட்வான்ஸ் போய்விடும் என்ற வரி மட்டும் மறக்காமல் இருக்கும். ஒப்பந்தத்தைப் பதிவும் செய்துவிடுங்கள். சொத்தின்மேல் பதிவானவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றில் அது ஏறிவிட்டால் அதே வீட்டை இன்னொருவரிடம் பேசுவது கடினம்.

30 வருஷத்துக்கு ஈசி போட்டுப் பார்த்தாச்சு, வில்லங்கமே இல்லை. இன்னும் என்ன பார்க்கணும்?

ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானதை மட்டுமே காட்டும். பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம், எல்லோரும் பார்க்கவும் வேண்டும். ஆனால் பதிவாகாத உயில், பதிவாகாத ஒப்பந்தம், நீதிமன்றத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வழக்கு, கட்டாத சொத்து வரி, குடியிருப்போர் சங்கத்துக்குப் பாக்கி, இவை எதுவும் அதில் வராமல் போகலாம். சொத்துக்காரர் இறந்துபோனதும் வராது. அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

மூலப் பத்திரத்தின் அசல் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். 'ஜெராக்ஸ் இருக்கு சார்' என்று பதில் வந்தால் அசல் எங்கே என்று திரும்பக் கேளுங்கள். அடமானத்தில் இருக்கலாம், தொலைந்தும் போயிருக்கலாம். தொலைந்தது என்றால் போலீஸ் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, பத்திரிகை விளம்பரம், சான்றிட்ட நகல் என்று வங்கி ஒரு பட்டியல் தரும். அதற்கே மாதக்கணக்கில் ஆகும்.

அப்பா பேர்ல இருந்த வீடு. அப்பா தவறிட்டார், மகன் விக்கிறார். தங்கச்சிங்க எங்களுக்கு வேண்டாம்னு சொல்லிட்டாங்க. சரிதானே?

வாயால் சொன்னது செல்லாது. அவர்கள் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் ஏற்கெனவே எழுதிப் பதிந்திருக்க வேண்டும். கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் பங்கில்லை என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இந்துக் குடும்பத்தில் அப்பா சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் இறந்தால் 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படியே மகளுக்குச் சம பங்கு உண்டு. பூர்வீகச் சொத்திலும் தமிழ்நாடு 1989-லேயே மகளைச் சேர்த்தது, 2005-ல் அது நாடு முழுவதற்கும் சட்டமானது. இஸ்லாமிய, கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வாரிசுச் சட்டம் வேறு.

இதில் பலர் பார்க்கத் தவறுவது பாட்டியை. உயில் இல்லாமல் இறந்தவரின் மனைவி, மக்கள் மட்டுமல்ல, அவரைப் பெற்ற தாயும் முதல் வகுப்பு வாரிசு. நாங்கள் முதலில் பேசிய வீடு இதில்தான் நின்றது. வாரிசுச் சான்றிதழை எங்கள் வக்கீல் மேஜையில் விரித்து, விரலை ஒவ்வொரு பெயராக நகர்த்திக்கொண்டே வந்தார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். ஐந்தாவதாக இறந்தவரின் தாயார் பெயர். விரல் அங்கே நின்றது. 'இந்த அம்மா எங்கே?' என்று கேட்டார். அவர் மகன் இறந்து இரண்டு வருடம் கழித்துக் காலமாகியிருந்தார். அப்படியானால் அவருக்கு வந்த ஐந்தில் ஒரு பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகிறது. விற்பவரின் சித்தப்பாவும் அத்தையும் கையெழுத்துப் போட வேண்டும். அத்தை அந்தக் குடும்பத்தோடு பேசிப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது.

வாரிசுகளில் 18 வயது நிரம்பாதவர் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அவர் பெயரில் வந்த பங்கை விற்கக் காப்பாளருக்கு நீதிமன்ற அனுமதி தேவை. அது இல்லாமல் வாங்கினால், அந்தப் பிள்ளை 18 வயதான பிறகு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டு விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம்.

1,050 சதுர அடின்னு சொன்னாங்க. உள்ளே போனா அவ்வளவு தெரியலையே?

தெரியாது, ஏனென்றால் அதில் மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை எல்லாவற்றிலும் உங்கள் பங்கும் சேர்ந்திருக்கிறது. அதை சூப்பர் பில்ட்-அப் என்பார்கள். நீங்கள் புழங்கும் இடம் கார்ப்பெட் ஏரியா. ரெரா சட்டம் இதற்கு வரையறை கொடுத்திருக்கிறது: வெளிச்சுவர், பால்கனி, திறந்த மாடி இவை கணக்கில் வராது, உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் வரும். புதிய திட்டங்களில் பில்டர் இந்த அளவைச் சொல்லியே தீர வேண்டும். பழைய ஃப்ளாட்டில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் நீங்களே அளந்துவிடுங்கள். நாங்கள் பார்த்த ஒரு வீட்டில் 10-க்கு 11 என்று சொன்ன படுக்கையறை சுவருக்குச் சுவர் 9 அடி 4 அங்குலம்தான் வந்தது. கட்டில் போட்டால் அலமாரிக் கதவு பாதிதான் திறக்கும்.

கூடவே யுடிஎஸ், அதாவது நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு என்றும் பாருங்கள். ஒரு கிரவுண்ட், 2,400 சதுர அடி மனையில் ஒரே அளவில் நான்கு ஃப்ளாட் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 600 வர வேண்டும். பத்திரத்தில் 420 என்று இருந்தால் மீதி யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். கட்டடம் பழசாகி இடித்துக் கட்டும் நாளில் உங்கள் கையில் இருக்கப்போவது அந்த நிலப் பங்குதான்.

ஃப்ளாட்டுக்குப் பட்டா கிடைக்குமா?

தனி வீடு, மனை போல ஒவ்வொரு ஃப்ளாட்டுக்கும் தனிப் பட்டா வருவது வழக்கமில்லை. மொத்த நிலத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது, அதில் உள்ள சர்வே எண்ணும் பரப்பும் உங்கள் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பட்டா வருவாய்த்துறை ஆவணம். அதை மட்டும் வைத்து உரிமையை முடிவு செய்ய முடியாது, பத்திரத் தொடரும் சரியாக இருக்க வேண்டும்.

பில்டர் சொன்ன தேதி தாண்டி ஒரு வருஷம் ஆச்சு. வாடகையும் கட்டறோம், பேங்குக்கும் கட்டறோம். என்ன செய்யறது?

இந்த நிலையில் இருப்பவர்களுடன் பேசும்போது எனக்கு மனசு கனத்துவிடும். கட்டட வேலை நடக்கும்போது வங்கி பகுதி பகுதியாகப் பணம் விடுவிக்கும். விடுவித்த தொகைக்கு வட்டி மட்டும் கட்டுவதை ப்ரீ-இஎம்ஐ என்பார்கள். அதில் அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது. வேலை தள்ளிப்போகப் போக வாடகையோடு அந்த வட்டியும் போய்க்கொண்டே இருக்கும்.

ரெரா சட்டம் இரண்டு வழி தருகிறது. திட்டத்திலிருந்து விலகினால் கொடுத்த பணத்தை வட்டியோடு கேட்கலாம். வீடுதான் வேண்டும் என்றால் ஒப்படைக்கும் வரை ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் வட்டி கேட்கலாம். மனை 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது 8 வீடுகளுக்கு மேல் உள்ள திட்டம் ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். எப்போது முடிப்பதாக பில்டர் அங்கே உறுதி கொடுத்திருக்கிறார் என்று தமிழ்நாடு ரெரா தளத்தில் பார்க்கலாம். அட்வான்ஸுக்கு முன்பே பாருங்கள். விற்பனையாளர் வாயால் சொல்லும் தேதியும் அந்தத் தேதியும் ஒன்றாக இருப்பதில்லை.

பத்திரப் பதிவு அன்னைக்கு என்னென்ன தப்பு நடக்கும்?

முதலில் பெயர். ஆதாரில் இனிஷியல் பின்னால், பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக, பழைய பத்திரத்தில் இனிஷியல் முன்னால் என்று மூன்று விதமாக இருக்கும். விற்பவருடையதையும் சேர்த்து ஒரு மாதம் முன்பே ஒப்பிட்டுவிடுங்கள். அடுத்தது நான்கு எல்லை. எங்கள் வரைவுப் பத்திரத்தில் வடக்கும் தெற்கும் இடம் மாறியிருந்தது. முதல் நாள் இரவு 11 மணிக்குப் பழைய பத்திரத்தைப் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படித்ததால் பிடிபட்டது. பதிந்த பிறகு தெரிந்திருந்தால் பிழைதிருத்தல் பத்திரத்துக்கு விற்பவரை மறுபடி கூட்டி வர வேண்டும். பணம் கைக்குப் போன பிறகு அவர் எந்த ஊரில் இருப்பாரோ.

விற்பவருக்குப் பதில் பவர் ஏஜென்ட் வருகிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற வாழ்நாள் சான்றைக் கேட்டு வாங்குங்கள். சாட்சிகள் இரண்டு பேரும் அசல் அடையாள அட்டையோடு வரட்டும். டோக்கன் நேரம் காலை 11 என்றாலும் அன்றைக்கு முழு நாள் விடுப்பு எடுங்கள்.

விலை 50 லட்சம் தாண்டுது. டிடிஎஸ் நாங்க ஏன் கட்டணும்? விக்கிறவருக்குத்தானே வரி?

டிடிஎஸ் என்பது கொடுக்கும் பணத்திலேயே வரியைப் பிடித்துக்கொள்வது. வரி அவருடையது, பிடித்துக் கட்டும் பொறுப்பு வாங்குபவருடையது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் மொத்தத் தொகைக்கும் 1% பிடிக்க வேண்டும், 50-க்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டுமல்ல. பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் வருமான வரித்துறைத் தளத்தில் கட்ட வேண்டும். மறந்தால் வட்டியும் தாமதக் கட்டணமும் நம் தலையில்தான். வங்கி முழுத் தொகையையும் விற்பவருக்கே காசோலை போட்டுவிடாமல் முன்பே சொல்லி வையுங்கள்.

விற்பவர் வெளிநாட்டுவாழ் இந்தியர் என்றால் இந்த 1% விதி பொருந்தாது, பிடித்தம் பல மடங்கு அதிகம். ஒப்பந்தம் போடும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

பத்திரத்தில கம்மியா காட்டி மீதியை கேஷா கொடுங்கன்னு கேக்கறாங்க. எல்லாரும் செய்யறதுதானே?

செய்யாதீர்கள். நிலம், வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விழலாம். உங்களுக்கும் நஷ்டம் உண்டு. பத்திர விலை குறைந்தால் கடனும் குறையும், நான்காவது கேள்வியில் சொன்ன பள்ளம் இன்னும் ஆழமாகும். நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை குறைவாகத் தெரிவதால் லாபம் அதிகமாகி வரியும் ஏறும். பேரம் முறிந்தால் ரொக்கமாகக் கொடுத்ததை எதைக் காட்டிக் கேட்பீர்கள்?

விக்கிறவருக்கே அந்த வீட்டு மேல லோன் ஓடுது. அசல் பத்திரம் அவர் பேங்க்ல. இதை எப்படி வாங்கறது?

வாங்கலாம், ஆனால் வரிசை தவறக் கூடாது. விற்பவர் தன் வங்கியிலிருந்து பாக்கித் தொகைக் கடிதமும், அங்கே இருக்கும் பத்திரங்களின் பட்டியலும் வாங்கித் தரட்டும். உங்கள் வங்கி அவருடைய கடன் கணக்குக்கே நேராகப் பணம் கட்டி அசலை வாங்கிக்கொள்ளும். உங்கள் அட்வான்ஸை வைத்துக் கடனை முடிப்பதாக அவர் சொன்னால், பணம் அந்தக் கடன் கணக்குக்கு மட்டுமே போகட்டும். அவருடைய சேமிப்புக் கணக்குக்கு வேண்டாம்.

கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், அதன் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 டிசம்பர் முதல் விதித்திருக்கிறது. அடமானம் தீர்ந்ததற்கான ரசீது ஆவணமும் பதிவாகி ஈசியில் ஏற வேண்டும். அதை விட்டுவிட்டால் பணம் கட்டிய கடன் உங்கள் வீட்டின்மேல் நிற்பதாகவே ஈசி காட்டிக்கொண்டிருக்கும்.

குடிவந்த முதல் மழையிலேயே சுவர் ஊறுது. யாரைக் கேக்கறது?

ரெராவுக்கு உட்பட்ட புது ஃப்ளாட் என்றால், ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் தெரியவரும் கட்டமைப்பு, வேலைப்பாட்டுக் குறைகளை பில்டர் இலவசமாகச் சரி செய்ய வேண்டும். சொன்ன 30 நாளுக்குள் செய்யவில்லை என்றால் இழப்பீடு கேட்கலாம். போனில் சொல்லாமல் படத்தோடு எழுத்தில் அனுப்புங்கள். பழைய வீட்டை விற்றுவிட்டுப் போனவரிடம் இப்படிக் கேட்க வழி குறைவு. முடிந்தால் ஒரு மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த ஒரே ஒரு சுவர் இருந்தால் அதில் கையை வைத்துப் பாருங்கள்.

அட்வான்ஸ் கொடுத்தாச்சு, இப்போ லீகல்ல சிக்கல்னு சொல்றாங்க. வீடு ரொம்பப் பிடிச்சிருக்கு. விட்டுடறதா, காத்திருக்கறதா?

சிக்கல் எந்த வகை என்று வக்கீலிடம் கேளுங்கள். ஒரு சான்றிதழ் குறைகிறது, பெயரில் எழுத்துப் பிழை, வரி பாக்கி என்றால் காத்திருக்கலாம், ஆனால் தேதி குறித்து எழுதி வாங்குங்கள். கையெழுத்துப் போட வேண்டிய ஒரு மனிதர் போட மறுக்கிறார் என்றால், அல்லது அனுமதி இல்லாத மாடி என்றால் விட்டுவிடுங்கள். அதைத் தீர்ப்பது உங்கள் கையில் இல்லை. விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் கையிலும் இல்லை.

நாங்கள் முதலில் பேசிய வீட்டுக்காக, விற்பவரின் அத்தை கையெழுத்துக்கு ஐந்து மாதம் காத்திருந்தோம். அந்த வீட்டின் சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். என் அம்மா அதற்காகவே அந்த வீட்டை விட மனமில்லாமல் இருந்தார். கடைசியில் நாங்கள்தான் போன் செய்து வேண்டாம் என்றோம். கடன் மறுக்கப்பட்டால் திருப்பித் தர வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தது. கொடுத்த இரண்டு லட்சம் மூன்று காசோலைகளாக, நான்கு மாதத்தில் திரும்பி வந்தது.